காத்திருக்கும் காலத்துக்கு யார் சோறு போடுவது?
மேடை, திரைப்படம், தொலைக்காட்சி வழியாக உலக அரங்குக்குப் போகும் நடிகர்கள் குறித்து
(திருக்காட்டுப்பள்ளி நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிலம், கூலி, வன்கொடுமை, இடஒதுக்கீடு என்று பேச வேண்டியவை மலைபோலக் கிடக்கின்றன. அப்படியிருக்க, குடமுருட்டிக் கரையில் நின்றுகொண்டு, ஒரு நடிகர் உலக அரங்குக்கு எப்படிப் போகிறார் என்று பேசுவது எதற்காக என்று கேட்கலாம். நடிப்பும் ஒரு தொழில் என்பதுதான் என் முதல் பதில். அந்தத் தொழிலுக்குள் யார் நுழைகிறார், யார் வாசலிலேயே நிற்கிறார், யாருக்கு எந்த வேடம் தரப்படுகிறது என்பதிலெல்லாம் சாதி இருக்கிறது. நம் தெருக்களில் பறையடிக்கும், வீதி நாடகம் போடும், கைபேசியில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இன்று நிறையப் பேர். அவர்களிடம் திறமை உண்டு என்று மேடைதோறும் சொல்கிறோம். திறமைக்கு அடுத்த படி என்ன என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்தப் படிகளை உண்மையாக நடந்தவர்களின் கதைகளைக் கொண்டு விளக்குவதே இந்த உரையின் வேலை.

1. அல்லைப்பிட்டியிலிருந்து சிட்னி வரை

நம் மொழியில் இதற்குக் கிடைக்கும் மிகத் தெளிவான உதாரணம் அந்தோனிதாசன் யேசுதாசன். இலக்கியம் வாசிக்கும் உங்களுக்கு ஷோபாசக்தி என்ற பெயரில் தெரிந்தவர். ‘கொரில்லா’, ‘ம்’, ‘பாக்ஸ் கதைப் புத்தகம்’ ஆகியவற்றின் ஆசிரியர்.

1967இல் யாழ்ப்பாணத்தை அடுத்த அல்லைப்பிட்டியில் பிறந்தார். பதின்ம வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, 1986இல் விலகினார். பின்பு நாட்டைவிட்டு வெளியேறி, தாய்லாந்தில் சில ஆண்டுகள் அகதியாக இருந்து, 1993இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே உணவகங்களிலும் கடைகளிலும் கிடைத்த வேலைகளைச் செய்தார். இடதுசாரிகளோடு சேர்ந்து அரசியல் படித்தார். கதை எழுதினார். நடிப்புப் பள்ளி எதிலும் அவர் படிக்கவில்லை. இளவயதில் ஊரில் பார்த்த கூத்தும், ஆடிய நாடகமும்தான் அவருடைய பயிற்சி.

அடுத்த படி சினிமாவுக்கு எழுதுவதாக வந்தது. லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ படத்தில் எழுத்தில் பங்கேற்று, நடிக்கவும் செய்தார். தனுஷ்கோடி மீனவர்களையும் ஈழ அகதிகளையும் பற்றிய சிறிய படம் அது. தணிக்கையோடு போராடித்தான் 2011இல் வெளியே வந்தது. அதன்பின் பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓதியார் ‘தீபன்’ படத்துக்குத் தமிழ் நடிகர்களைத் தேடியபோது, தலைமைப் பாத்திரம் இவருக்கு வந்தது. இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளை வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் அந்நியரான மூவர் குடும்பம்போல நடித்துப் பிரான்ஸுக்குள் நுழைகிற கதை. படத்தின் உரையாடலில் பெரும்பகுதி தமிழ். 2015 மே மாதம் கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதான தங்கப் பனை அந்தப் படத்துக்குக் கிடைத்தது. மறு ஆண்டு, பிரான்ஸின் செசார் விருதுக்கான சிறந்த நடிகர் பட்டியலில் அந்தோனிதாசனின் பெயர் இருந்தது. கனடாவில் லெனின் எம். சிவம் இயக்கிய ‘ரூபா’வில் நடித்தார்.

பிறகு அவர் மேடைக்குத் திரும்பினார். எஸ். சக்திதரன் எழுதி, ஏமன் ஃபிளாக் இயக்கிய ‘கவுண்டிங் அண்ட் கிராக்கிங்’ என்ற நாடகம் 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறியது. ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதை. மூன்றரை மணி நேரம். பல நாடுகளிலிருந்து வந்த நடிகர்கள் ஆங்கிலம், தமிழ், சிங்களம் என்று மாறி மாறிப் பேசினார்கள். அதில் திரு என்ற பாத்திரம் இவருடையது. ஆஸ்திரேலியாவின் ஹெல்ப்மன் விருதுகளில் அந்த ஆண்டு 7 விருதுகளை அது வாங்கியது. 2022இல் எடின்பரோ விழாவுக்கும், 2024இல் நியூயார்க்குக்கும் போனது. ‘தீபன்’ படத்தில் யாழினியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து வந்தவர். அவரும் 2022இல் சிட்னியின் பெல்வாய் அரங்கில் சக்திதரன், ஃபிளாக் கூட்டணியின் அடுத்த நாடகமான ‘தி ஜங்கிள் அண்ட் தி சீ’யில் நடித்தார்.

இந்தப் பாதையில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஆங்கிலம் பேசினால்தான் உலகம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். இவரை உலகம் தேடி வந்தது தமிழுக்காக. அதிலும் செந்தமிழுக்காக அல்ல, யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியின் பேச்சுத் தமிழுக்காக. இரண்டாவது, 1993இல் பாரிஸ் போனவர் கான் மேடையில் ஏறியது 2015இல். இடையில் 22 ஆண்டுகள். அந்த 22 ஆண்டுகளுக்கு எந்தக் கலை நிறுவனமும் சோறு போடவில்லை. சமையலறையும் கடைகளும் போட்டன.

2. எல்லாப் பாதைகளிலும் இருக்கும் ஒரே கேள்வி

மற்றவர்களின் பாதையை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

தஞ்சை மாவட்டத்தில் பெருமையோடு பேசப்படும் பெயர் சிவாஜி கணேசன். சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். கம்பெனி என்பது சம்பளம் தரும் இடம் மட்டும் அல்ல. சாப்பாடு, படுக்கை, பாடம், அடி உதை எல்லாம் சேர்ந்த விடுதிப் பள்ளி. 1952இல் ‘பராசக்தி’ வரும்வரை அவரை வளர்த்தது மேடை. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ முதலில் அவருடைய நாடக மன்றத்தின் நாடகம். மேடையில் பல முறை ஆடித் தேர்ந்த பாத்திரத்தைத்தான் கேமரா முன் வைத்தார். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வந்தது. அவர் காத்திருந்த காலத்துக்குக் கம்பெனி சோறு போட்டது.

இர்ஃபான் கான் 1984இல் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் சேர்ந்தார். 1988இல் ‘சலாம் பாம்பே’யில் மிகச் சிறிய வேடம். பெயர் சொல்லும்படியான சர்வதேசப் படமான ‘தி வாரியர்’ வந்தது 2001இல். நடுவில் 13 ஆண்டுகள். அந்த 13 ஆண்டுகளும் ‘சாணக்யா’, ‘சந்திரகாந்தா’ என்று தொலைக்காட்சித் தொடர்களில் கழிந்தன. பிற்பாடு ‘தி நேம்சேக்’, ‘ஸ்லம்டாக் மில்லியனர்’, ‘லைஃப் ஆஃப் பை’ வந்தன. 2010இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘இன் ட்ரீட்மென்ட்’ தொடரிலும் நடித்தார். முதலில் படிப்புக்கு உதவித்தொகை, அதன்பின் தொலைக்காட்சிக் கூலி. இவை இரண்டும் இல்லாவிட்டால் ‘தி வாரியர்’ வரும்வரை அவரால் நின்றிருக்க முடியாது.

ஓம் பூரி வறுமையில் வளர்ந்து, சிறுவயதில் தேநீர்க் கடையில் வேலை செய்தவர். தேசிய நாடகப் பள்ளியும் புனே திரைப்படக் கல்லூரியும் அவரைத் தூக்கிவிட்டன. 1984இல் ‘தி ஜூவல் இன் தி கிரௌன்’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர், 1999இல் ‘ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்’ என்ற பிரிட்டிஷ் படம் என்று கடல் கடந்து நின்றார்.

ஹபீப் தன்வீர் லண்டனில் நாடகம் படித்தவர். திரும்பி வந்து 1959இல் நயா தியேட்டரைத் தொடங்கினார். சத்தீஸ்கர் கிராமங்களின் ‘நாச்சா’ கலைஞர்களை நடிகர்களாகச் சேர்த்துக்கொண்டார். தொடக்கத்தில் இந்தியில் பேசவைத்தார். நடிகர்கள் இறுகிப்போனார்கள். அவர்களுடைய சொந்த சத்தீஸ்கரியில் பேச விட்டதும் மேடை உயிர் பெற்றது. 1982இல் எடின்பரோவில் ‘சரண்தாஸ் சோர்’ ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட் விருது வாங்கியது. அந்தக் கிராமத்துக் கலைஞர்கள் விமானம் ஏறியது தனித்தனியாக அல்ல, ஒரு குழுவாக.

ஆக, சர்வதேச நடிப்பு வாழ்க்கை என்பது திறமையும் அதிர்ஷ்டமும் சேர்ந்த ஒன்று என்று சொல்வது பாதி உண்மைதான். மீதிப் பாதி, பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க ஒருவருக்கு வசதி இருப்பது. நிலமும் வீடும் உள்ள குடும்பத்தில் மகன் ஐந்தாண்டு சென்னையில் வாய்ப்புத் தேடினால் அதற்கு முயற்சி என்று பெயர். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் அதே ஐந்தாண்டு, கட்டாமல் நிற்கும் கடனும் தங்கையின் தள்ளிப்போகும் திருமணமும் ஆகிறது. ‘அவனுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது’ என்று நாம் சொல்லும் பல பிள்ளைகளுக்குக் குறைந்தது ஆர்வம் அல்ல, அரிசி.

3. மூன்று இடம், மூன்று விதமான உழைப்பு

நடிக்கத் தெரிந்தவர் எங்கும் நடிப்பார் என்பது தவறான எண்ணம். மேடை, திரைப்படம், தொலைக்காட்சி மூன்றும் உடலிடம் வெவ்வேறு வேலை வாங்குகின்றன.

மேடையில் நடிகர் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே ஓட்டத்தில் போக வேண்டும். கடைசி வரிசையில் இருக்கும் கிழவிக்கும் கேட்க வேண்டும். இன்று ஆடியதை நாளையும் அதே உயிரோடு ஆட வேண்டும். மூச்சு, குரல், தாளம், மற்ற நடிகர்களின் அசைவைக் கவனிப்பது ஆகியவை மேடையில்தான் விளைகின்றன. பறையின் அடவு கற்ற பிள்ளைகளுக்கு இதில் ஒரு முன்னிலை உண்டு. அடித்துக்கொண்டே ஆடுவது, ஆடிக்கொண்டே கூட்டத்தைப் பார்ப்பது, ஒருவர் தாளம் மாற்றினால் எல்லோரும் மாறுவது என்று ஒரு நடிப்புப் பள்ளி பல மாதம் சொல்லிக்கொடுக்கும் பாடம் அவர்கள் உடம்பில் முன்பே ஏறியிருக்கிறது.

திரைப்படத்தில் கதை துண்டு துண்டாகப் படமாகிறது. அப்பா இறந்த காட்சியைக் காலையில் எடுத்துவிட்டு, அவரோடு சிரிக்கும் காட்சியை மாலையில் எடுப்பார்கள். நடிகர் தன் மனதுக்குள் கதையின் வரிசையைக் காப்பாற்ற வேண்டும். மேடையில் கை உயர்த்திச் சொல்வதைக் கேமரா முன் கண் இமையில் சொல்ல வேண்டும். மேடைக் குரலோடு கேமராவுக்கு வரும் பலர் தோற்பது இங்கேதான்.

தொலைக்காட்சியின் அடிப்படை வேகம். ஒரே நாளில் பல காட்சிகள் முடிய வேண்டும். வசனத்தைச் சீக்கிரம் மனப்பாடம் செய்து, அதிக ஒத்திகை இல்லாமல், மாதக்கணக்கில் ஒரே பாத்திரத்தைத் தளராமல் சுமக்க வேண்டும். சீரியல் என்று இளக்காரமாகப் பேசுவோம். மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வரும் வருமானத்தை நடிகருக்குத் தருவது பெரும்பாலும் அதுதான். மேடை உடலை உருவாக்குகிறது, தொலைக்காட்சி அடுப்பெரிக்கிறது, திரைப்படம் பெயரை நாடு கடத்திக் கொண்டுபோகிறது. நீண்ட நாள் நிலைத்த நடிகர்கள் பலர் இவற்றுக்குள் போய் வந்துகொண்டே இருந்தவர்கள்.

4. தேர்வு எப்படி நடக்கிறது

வெளிநாட்டுப் படத்துக்கோ தொடருக்கோ ஆள் எடுப்பவர் காஸ்டிங் டைரக்டர். இயக்குநரிடமிருந்து பாத்திரங்களின் விவரத்தை வாங்கி, வயது, மொழி, தோற்றம், அனுபவம் ஆகியவற்றைக் குறித்து அறிவிப்பு அனுப்புவார். பெரும்பாலும் அது ஏஜெண்டுகளுக்கும் தெரிந்த நாடகக் குழுக்களுக்கும்தான் முதலில் போகும். பொருத்தமானவர்களிடம் நடித்துப் பதிவுசெய்த காணொளி கேட்பார்கள். இதைத்தான் செல்ஃப் டேப் என்கிறார்கள். அதில் தேறியவர்களை நேரிலோ இணையத்திலோ மீண்டும் அழைப்பார்கள். பிறகு ஒப்பந்தம், விசா.

பொது அழைப்பு வருவதும் உண்டு. 2019இல் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடருக்கு அப்படி அழைத்தபோது சுமார் 15,000 பேர் விண்ணப்பித்தார்கள். தேர்வானவர் கனடாவின் மிசிசாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். அதுவரை பள்ளி நாடகம்தான் அவருடைய அனுபவம். அம்மாவின் கேமராவில், ஊர் நூலகத்தில் பதிவுசெய்த காணொளி அவரைக் கொண்டுபோனது. தொடர் 2020 முதல் 2023 வரை நான்கு பருவங்கள் ஓடியது.

ஆகவே மாணவர்களே, சில எளிய காரியங்களை இன்றே பழகுங்கள். கைபேசியைப் படுக்கைவாட்டில் அசையாமல் நிறுத்துங்கள். பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருந்து வர வேண்டும். எதிர் வசனத்தை நண்பர் ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் படிக்கட்டும். பெயர், வயது, உயரம், தெரிந்த மொழிகள் ஆகியவற்றைத் தொடக்கத்தில் சொல்லுங்கள். மொழிகள் என்ற இடத்தில் தஞ்சை வட்டாரப் பேச்சு, பறை, சிலம்பம், நீச்சல், நாற்று நடுவது வரை எழுதுங்கள். உங்களுக்குச் சாதாரணமான ஒன்று ஒரு பாத்திரத்துக்குத் தேவையான ஒன்றாக இருக்கலாம். கடவுச்சீட்டு எடுத்து வையுங்கள். தேர்வு முடிந்தபின் விண்ணப்பித்தால் வேடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிறேன் என்று பணம் வாங்கி ஏமாற்றிய ஏஜெண்டுகளை டெல்டா மாவட்டங்கள் நன்றாக அறியும். சினிமாவிலும் அதே ஆட்கள் உண்டு. ஆடிஷனுக்குப் பணம் கேட்பவர், பதிவுக் கட்டணம் கேட்பவர், தனியறைக்கு வரச் சொல்பவர் யாராக இருந்தாலும் விலகி வாருங்கள். முறையான ஏஜெண்ட் வேலை கிடைத்தபின் சம்பளத்தில் பங்கு எடுப்பாரே தவிர, முன்பணம் கேட்க மாட்டார். ஒப்பந்தத்தைத் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. என்ன வேடம், யாருடைய முகம்?

வாசல் திறந்தபின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ கதாநாயகி பி.கே. ரோஸி. புலையர் சமூகத்துப் பெண், காக்காரிசி நாடகத்திலிருந்து வந்தவர். நாயர் பெண்ணாக அவர் நடித்ததைப் பொறுக்காத சாதி இந்துக்கள் திருவனந்தபுரத்தில் திரையைக் கல்லால் அடித்தார்கள். அவர் ஊரைவிட்டு ஓடித் தமிழ்நாட்டுப் பக்கம் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். மேடையிலிருந்து திரைக்கு ஒரு தலித் பெண் எடுத்து வைத்த முதல் அடியே கடைசி அடியாக்கப்பட்டது.

அதன்பின் நம் கதைகள் திரைக்கு வந்தன; நம் முகங்கள் வரத் தாமதமாயின. பிரேம்சந்தின் கதையைச் சத்யஜித் ராய் 1981இல் ‘சத்கதி’ என்று தொலைக்காட்சிக்கு எடுத்தபோது, பார்ப்பனர் வீட்டில் விறகு பிளந்து சாகும் துக்கியாக நடித்தவர் ஓம் பூரி. மகத்தான நடிப்பு, மறுக்கவில்லை. 2015இல் ‘தீபன்’ தங்கப் பனை வாங்கிய அதே கான் விழாவில் ‘மசான்’ படமும் விருது பெற்றது. அதன் இயக்குநர் நீரஜ் கய்வான் தன்னைத் தலித் என்று வெளிப்படையாகச் சொல்பவர். அந்தப் படத்திலும் பிணம் எரிக்கும் டோம் சமூகத்து இளைஞனாக நடித்தவர் சினிமாக் குடும்பத்திலிருந்து வந்த விக்கி கௌஷல். 2000இல் வந்த ஜப்பார் படேலின் படத்தில் அம்பேத்கராக நடித்தவர் மம்மூட்டி.

தலித் பாத்திரத்தைத் தலித்தே நடிக்க வேண்டும் என்று நான் சட்டம் போடவில்லை. அப்படிப் போட்டால் தலித் நடிகர் வேறெதையும் நடிக்கக் கூடாது என்று அதே சட்டத்தைத் திருப்பி நம்மீது போடுவார்கள். ரோஸியை அடித்த கல் அந்தச் சட்டம்தான். நான் கேட்பது வேறு. நம் வலியை நடித்த மற்றவர்கள் அந்த நடிப்பைப் படியாக்கி உலகுக்குப் போனார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் படி ஏன் கிடைக்கவில்லை?

கிடைத்தாலும் அடுத்த படி இல்லை. ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் கதாநாயகனின் தந்தையாக வந்த நெல்லை தங்கராஜ், பெண் வேடமிட்டு ஆடிய கூத்துக் கலைஞர். அந்தக் காட்சியைப் பார்த்து அழாதவர் குறைவு. ஆனால் படத்துக்குப் பிறகும் அவருடைய வாழ்க்கை வறுமையில்தான் கழிந்தது. 2023இல் மறைந்தார். ஒரு வேடம் கிடைப்பது வேறு, ஒரு வாழ்க்கை கிடைப்பது வேறு. இந்த உரையில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

மாற்றம் நடக்கத் தொடங்கியிருப்பதையும் சொல்ல வேண்டும். நாகராஜ் மஞ்சுளேயின் ‘ஃபன்றி’ (2013) படத்தில் நடித்த சோம்நாத் அவ்கடே, ஹல்கி அடிக்கும் கிராமத்துச் சிறுவன். நம் பறையின் மராட்டிய உறவு அந்தக் கருவி. அவனுக்குத் தேசிய விருது கிடைத்தது. அமெரிக்கக் கறுப்பினப் பெண் இயக்குநர் ஏவா டுவெர்னே, இசபெல் வில்கர்சனின் சாதி பற்றிய நூலை வைத்து எடுத்த ‘ஆரிஜின்’ 2023இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. அதில் அம்பேத்கராக நடித்தவர் கௌரவ் பதானியா என்ற தலித் சமூகவியலாளர். சூரஜ் யெங்டே தானாகவே வருகிறார். தமிழில் பா. இரஞ்சித், மாரி செல்வராஜ் படங்கள் வழியாகப் புதிய முகங்கள் வந்திருக்கின்றன.

வெளிநாட்டுக் காஸ்டிங்கில் சாதி கேட்க மாட்டார்கள். அதனால் சாதி இல்லை என்று ஆகிவிடாது. அங்கே நாம் ‘இந்தியர்’, ‘தெற்காசியர்’, ‘அகதி’ என்ற பெயரில் நுழைகிறோம். ‘தீபன்’ படத்தில் அகதி தெரிகிறான்; அகதிக்குள் இருக்கும் சாதி தெரிவதில்லை. ஷோபாசக்தியின் கதைகளைப் படித்தவர்களுக்கு, திரையில் விடுபட்டது என்னவென்று தெரியும். சாதி தெரியாத இடத்தில் மூச்சு விட முடிகிறது என்பது நம் நடிகருக்கு ஒரு விடுதலை. ஆனால் பேசாமல் இருப்பதே அந்த விடுதலைக்கு விலையாகக் கேட்கப்பட்டால் என்ன செய்வது? இதை ஒவ்வொரு நடிகரும் தன் வாழ்க்கையில் தானே முடிவு செய்ய வேண்டும். எப்படி முடிவு செய்தாலும், அவர் துரோகி என்று நாம் இங்கிருந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது.

6. கற்கும் இடங்கள்

பக்கத்திலிருந்து தொடங்குவோம். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருக்கிறது. இங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். அங்கே பேராசிரியராக இருந்த மு. ராமசாமி, மதுரையில் நிஜ நாடக இயக்கம் நடத்தியவர், 2019இல் ‘கே.டி.’ படத்தின் முதன்மைப் பாத்திரத்தைச் சுமந்தவர். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பணியாற்றியவர் நம் கே.ஏ. குணசேகரன். ‘பலி ஆடுகள்’ தந்தவர், 2016இல் நம்மை விட்டுப் போனவர். நாட்டுப்புறப் பாட்டைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோய் உட்காரவைத்த அவர், நாம் எங்கே உட்கார முடியும் என்பதையும் காட்டிவிட்டுப் போனார்.

டெல்லி தேசிய நாடகப் பள்ளி மூன்றாண்டுப் படிப்பு. பட்டமும், நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்பார்கள். உதவித்தொகை உண்டு, இடஒதுக்கீடு உண்டு. அதன் பெங்களூரு மையத்தில் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்தில் கே.வி. சுப்பண்ணா வளர்த்த நீநாசம் அமைப்பு 1980 முதல் நாடகப் பள்ளியும், 1985 முதல் ‘திருகாட’ என்ற ஊர்சுற்றும் குழுவும் நடத்துகிறது. சிங்கப்பூரில் குவோ பாவ் குன், டி. சசிதரன் இருவரும் 2000இல் தொடங்கிய பள்ளியில் பெய்ஜிங் இசை நாடகம், ஜப்பானிய நோ, இந்தோனேசிய வயாங் வோங், கேரளக் கூடியாட்டம் ஆகிய நான்கு மரபுகளைச் சொல்லித் தருகிறார்கள். நல்ல பள்ளி. ஆனால் இந்தியாவின் பெயரால் அங்கே இருப்பது கோயிலுக்குள் வளர்ந்த கூடியாட்டம். இங்கேயும் அதுதான் நிலை. மெலட்டூர் பாகவத மேளம் கலையாகப் பார்க்கப்பட்டது. அதே காவிரிக் கரையில் பறை ஊழியமாகப் பார்க்கப்பட்டது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ தரப்பட்டிருப்பது ஒரு தொடக்கம். பாடத்திட்டத்துக்குள் போவது இனி நடக்க வேண்டிய வேலை.

வெளிநாட்டில் படிக்கப் பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை உண்டு. 2022இல் வந்த அதன் வழிகாட்டுதல், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த தலைப்புகளுக்கு உதவித்தொகை இல்லை என்றது. எதிர்ப்பு எழுந்தது. நம் கலையை நம் பிள்ளை வெளிநாட்டில் ஆராயக் கூடாது என்பதுதான் அதற்குப் பொருள். மாணவர் இயக்கங்கள் விடாமல் பேச வேண்டிய விஷயம் இது.

7. நாம் செய்யக்கூடியது

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். காத்திருக்கும் காலத்துக்கு யார் சோறு போடுவது? ஒருவருக்குக் கம்பெனி, ஒருவருக்கு நாடகப் பள்ளி, ஒருவருக்குத் தொலைக்காட்சி, ஒருவருக்குப் பாரிஸ் சமையலறை. நம் பிள்ளைகளுக்கு யார்?

முதலாவது, ஒரு குழு வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறப்பது மரபு. குறுவை, சம்பா, தாளடி என்று ஆட்கள் வயலில் இருப்பார்கள். தை, மாசியில் அறுவடை முடிந்தால், பங்குனியிலிருந்து வைகாசி வரை கூலி வேலை குறையும். அந்த மூன்று மாதமும் ஊர் ஊராக நாடகம் போடும் குழு ஒன்றை டெல்டாவில் நிறுத்த முடியும். அழைக்கும் ஊர் சாப்பாடும் போக்குவரத்தும் பார்த்துக்கொள்ள வேண்டும். நடிகருக்கு நூறு நாள் வேலைக் கூலிக்குக் குறையாத தினக்கூலி தர வேண்டும். ‘உணர்வோடு வந்து நடித்துக் கொடுங்கள்’ என்று இலவசமாகக் கேட்பதை நம் அமைப்புகளே முதலில் நிறுத்த வேண்டும். இழவு வீட்டில் இலவசமாகப் பறையடிக்கச் சொன்னவனை எதிர்த்தவர்கள் நாம்.

இரண்டாவது, இரவுப் பாடசாலைகளில் பாடத்தோடு உரக்க வாசிப்பதையும் சேர்க்கலாம். வாரம் ஒரு நாள் கதை வாசிப்பு, ஒரு நாள் அடவு, ஒரு நாள் கேமரா முன் பேசிப் பார்ப்பது. இதற்குப் பணம் தேவையில்லை.

மூன்றாவது, காகிதம். கடவுச்சீட்டு, சாதிச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம், நாடகப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கான தேதி, ஒப்பந்தம் படிப்பது ஆகியவற்றுக்கு அமைப்பில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். விண்ணப்பத் தேதி தெரியாமலே நம் பிள்ளைகள் பலருடைய வாய்ப்பு போகிறது.

நான்காவது, ஒரு சிறு நிதி. தேர்வுக்கு டெல்லி போகும் ரயில் கட்டணம், அங்கே தங்கும் இரண்டு நாள் செலவு, சென்னையில் முதல் ஆறு மாத வாடகை. படித்து வேலைக்குப் போன நம் ஆட்கள் மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கினால் ஆண்டுக்கு ஒருவரையாவது அனுப்பலாம். பெண் பிள்ளைகளுக்கு முதல் உரிமை இருக்கட்டும். ரோஸி தனியாக ஓடினார். இனி போகும் பெண்ணுக்குத் திரும்பிப் பார்த்தால் நிற்க ஒரு கூட்டம் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, போனவர் திரும்பி வரும் ஏற்பாடு. சத்தீஸ்கரின் பார்தி சமூகத்துப் பெண் தீஜன் பாய், பெண் நின்று பாடக் கூடாது என்ற தடையை மீறி 13 வயதில் பாண்டவானி பாடத் தொடங்கி, சமூகத்தால் ஒதுக்கப்பட்டு, பிறகு பல நாட்டு மேடைகளில் தன் மொழியில் பாடியவர். ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ தொலைக்காட்சித் தொடரிலும் பாடினார். 2019இல் பத்ம விபூஷண் பெற்றார். அவரிடம் கற்றவர்கள் இன்று பாடுகிறார்கள். ஒருவர் போவதால் சமூகத்துக்கு லாபம் குறைவு. அவர் போன வழியை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தால் அது பாதையாகும்.

இதையெல்லாம் செய்தாலும் எல்லோரும் கான் போகப்போவதில்லை. பத்துப் பேரில் ஒருவர் போகலாம், போகாமலும் இருக்கலாம். மற்ற ஒன்பது பேர் நல்ல குரலோடும், நிமிர்ந்த முதுகோடும், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் பழக்கத்தோடும் இந்த ஊரில் இருப்பார்கள். அவர்கள் ஆசிரியராகலாம், வழக்கறிஞராகலாம், வட்டாட்சியர் அலுவலகத்தில் எதிரே நின்று கேள்வி கேட்பவராகலாம். அது நமக்கு நஷ்டமில்லை.

வரும் பங்குனிக்கு முதல் நாடகம். யார் எழுதுகிறீர்கள், யார் நடிக்கிறீர்கள், எந்த ஊர் சோறு போடுகிறது என்பதைக் கூட்டம் கலைவதற்குள் பேசி முடிப்போம்.

ஜெய்பீம்.